காதால் படிப்பவர்களுக்காக மெய்ப்பு பார்ப்பது

அச்சுப் புத்தகத்தில் ‘அவர் கேட்டார்’ என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து மென்பொருளால் எழுத்தாக மாற்றினால் ‘அவா கேட்டார்’ என்று வருகிறது. அச்சு மங்கியதில் ர் மேல் இருந்த புள்ளி தெரியாமல் போயிருக்கும். புள்ளி போன ரகரம் துணைக்கால் மாதிரியே இருப்பதால் மென்பொருள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கும். கண்ணால் படிக்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பார்த்த மாத்திரத்தில் மனசு ‘அவர்’ என்று திருத்திக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். காதால் கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. கணினிக் குரல் ‘அவா கேட்டார்’ என்று தெளிவாகவே சொல்லும். அவா என்பது அகராதியில் உள்ள சொல், பேச்சுவழக்கிலும் புழங்குவது. பாத்திரத்தின் பேச்சுநடை மாறிவிட்டதா, ஆசிரியர் வேறு ஏதோ சொல்ல வருகிறாரா, இல்லை ஸ்கேன் பிழையா என்று அவர் யோசிப்பதற்குள் குரல் நான்கு வரி தாண்டிப் போயிருக்கும்.

இந்த மாதிரி இடங்களை, புத்தகம் வாசகரிடம் போவதற்கு முன்பே பிடித்துச் சரிசெய்வதுதான் இந்தக் கட்டுரை பேசும் வேலை. பதிப்பகத்தில் மெய்ப்பு பார்ப்பதற்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எழுதியவரும் தட்டச்சு செய்தவரும் விட்ட பிழைகளைத் தேடுவார்கள். இங்கே புத்தகம் எப்போதோ அச்சாகிவிட்டது. நாம் தேடுவது இயந்திரம் தப்பாகப் படித்த இடங்களை.

யார் இந்தக் கோப்புகளைப் படிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பார்வையற்றவர்களில் பலர் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். என்விடிஏ, ஜாஸ் போன்றவை கணினியிலும், டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்றவை கைப்பேசியிலும் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும். சிலர் பிரெயில் திரையில் விரலால் படிப்பார்கள். அந்தக் கருவியில் ஒரு வரிசைப் புள்ளிக்கட்டங்கள் இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் ஊசிமுனைகள் எழுந்தும் அடங்கியும் எழுத்துகளைக் காட்டும். கேட்கவும் பார்க்கவும் இயலாதவர்களுக்குப் பிரெயில்தான் வழி. குறைந்த பார்வை உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றிப் படிப்பார்கள். இவர்கள் தவிர, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கும், கை வலுவில்லாமல் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்ப முடியாதவர்களுக்கும் இதே கோப்புகள் பயன்படுகின்றன. அதனால்தான் ஆங்கிலத்தில் பார்வைக் குறைபாடு என்று மட்டும் சொல்லாமல் ‘பிரின்ட் டிசெபிலிட்டி’, அதாவது அச்சு நூலைப் படிக்க இயலாத நிலை என்ற பரந்த சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்கேன் எதற்கு, பதிப்பகமே மின்னூலாகத் தந்துவிடலாமே என்று கேட்கலாம். தந்தால் நல்லது, அப்போது இந்த வேலையே வேண்டாம். ஆனால் பழைய நூல்களுக்கு மின்கோப்பு என்று ஒன்று இருப்பதே இல்லை. புதிய நூல்களிலும் எல்லாப் பதிப்பகங்களும் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய வடிவில் வெளியிடுவதில்லை. மிச்சம் இருக்கும் வழி, பக்கத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது. பிரித்தெடுக்கும் மென்பொருளை எழுத்துணரி என்கிறோம். பேச்சில் ஓசிஆர் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

எழுத்துணரிக்கும் பார்வையற்றவர்களுக்கும் உள்ள உறவு பழையது. 1976-இல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் அறிமுகப்படுத்திய வாசிப்பு இயந்திரம், புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தை அறிந்து வாய்விட்டுப் படித்தது. அது பார்வையற்றவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. பின்னாளில் ஸ்கேனரும் எழுத்துணரியும் வீட்டுக் கணினிக்கே வந்தபோது பார்வையற்றவர்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். ஒரே நாவலை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், பக்கம் பக்கமாகப் புரட்டி ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். இந்த வீண் உழைப்பைத் தவிர்க்க, ஒருவர் செய்ததை மற்றவரும் பெறலாம் என்ற எண்ணத்தில் 2002-இல் ஜிம் ஃப்ரூக்டர்மனின் பெனிடெக் நிறுவனம் புக்‌ஷேர் நூலகத்தைத் தொடங்கியது. பகிர்வது என்றான உடனே மெய்ப்பும் தேவைப்பட்டது. நமக்காக மட்டும் ஸ்கேன் செய்தால் அரைகுறையாக இருந்தாலும் சமாளித்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஒருவர் படிக்கப்போகும் கோப்பை அப்படி விட முடியாது.

சரி, எழுத்துணரிகள் இப்போது நன்றாக முன்னேறிவிட்டனவே, இன்னும் மனிதர் வேண்டுமா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 99 எழுத்துகளைச் சரியாகப் படிக்கும் மென்பொருள் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 1,500 எழுத்துகள் இருந்தால் அதில் 15 பிழைகள். 200 பக்கப் புத்தகத்தில் 3,000 பிழைகள். 99.9 விழுக்காடு என்றாலும் 300 மிஞ்சும். நல்ல தாள், நல்ல அச்சு, நேரான ஸ்கேன் என்றால் பிழை இதைவிடக் குறையும். பழுப்பேறிய தாள், மறுபக்கத்து மை ஊறித் தெரியும் பக்கம், தையலோரம் வளைந்த வரிகள் என்றால் கணக்கே வேறு. ஆகவே மெய்ப்பின் பாதி ஸ்கேன் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அடர்த்திக்குக் குறையாமல், பொடி எழுத்தாக இருந்தால் 400-இல், பக்கம் சாயாமல், ஓரம் வெட்டுப்படாமல் எடுத்தால் பின்னால் எத்தனையோ மணி நேரம் மிச்சம்.

தமிழ் எழுத்தில் எங்கே தப்பு வரும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கான அறிவுரைகள் எங்கும் கிடைக்கும். தமிழுக்கு நாமேதான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது, புள்ளி. அச்சில் மிகச் சிறியது அதுதான், முதலில் தொலைவதும் அதுதான். ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆகும். இது கேட்டால் உடனே தெரிந்துவிடும். ‘பல் விழுந்தது’ என்பது ‘பல விழுந்தது’ ஆனால் தெரியாது. இரண்டுமே சரியான சொற்கள், எழுத்துப் பிழைதிருத்தி எதையும் காட்டாது. இதன் மறுபக்கம், தாளில் விழுந்த தூசி அகரமேறிய எழுத்தின் தலையில் உட்கார்ந்து புள்ளியாகிவிடும்.

இரண்டாவது, ரகரமும் துணைக்காலும். ‘தரம்’ என்பது ‘தாம்’ ஆகும், ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும், ‘பால்’ என்பது ‘பரல்’ ஆகும். இதில் ‘மாம்’ சொல்லே இல்லை, எளிதில் சிக்கும். மற்ற இரண்டும் அகராதிச் சொற்களாக வேடம் போட்டு உள்ளே புகுந்துவிடும்.

மூன்றாவது, ஒன்றுபோல் தெரியும் மெய்கள். னகரம் ணகரமாகும், ளகரம் னகரமாகும். ‘மனம்’, ‘மணம்’ குழப்பத்தை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதைவிட மோசமானது ‘அவள்’ ‘அவன்’ ஆவது. ஓர் இடத்தில் மட்டும் மாறினால், கதையில் புதிதாக ஓர் ஆள் வந்துவிட்டான் என்றே கேட்பவர் நினைப்பார். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இப்படித்தான்: ‘கொடு’, ‘கோடு’. எகரம், ஏகாரமும் அப்படியே: ‘எடு’, ‘ஏடு’. ஒரு சுழியோ ஒரு கோடோ மங்கினால் போதும்.

நான்காவது வகைதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. கண்ணுக்குப் பிழையே தெரியாது. ‘நரி’ என்று திரையில் அழகாக இருக்கும். உள்ளே பார்த்தால் ரகரத்தின் இடத்தில் துணைக்கால் இருக்கும், அதன்மேல் இகரக் குறி ஏறியிருக்கும். பல எழுத்துருக்களில் ‘ரி’யும் ‘ாி’யும், ‘ர்’உம் ‘ா்’உம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில், அவை வேறு வேறு. கணினிக் குரல் அந்த இடத்தில் தடுமாறும், ‘நரி’ என்று தேடினாலும் கிடைக்காது. ‘ஔவை’யும் இதே கதைதான். ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஒளவை’ என்று எழுதிவைத்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றும் தோன்றாது. குரல் ‘ஒள வை’ என்று ளகரத்தைத் தனியாக உச்சரிக்கும். ‘கௌரவம்’, ‘கெளரவம்’ ஆவதும் இந்த ரகம்.

நல்லவேளையாக இவற்றைப் படித்துத் தேட வேண்டியதில்லை. தமிழில் துணைக்காலை அடுத்து இகரக் குறியோ புள்ளியோ வரவே வராது. ஆகவே அந்தச் சேர்க்கைகளைக் கோப்பு முழுவதும் தேடி, ‘ரி’ என்றும் ‘ர்’ என்றும் ஒரேயடியாக மாற்றிவிடலாம். ஔகாரத்தை அப்படி ஒரேயடியாக மாற்றக் கூடாது. ‘ஒளி’, ‘ஒளவை’ இரண்டிலும் ளகரம் இருக்கிறது. ‘ஒளி’யில் உள்ளது உண்மையான ளகரம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பழைய புத்தகம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ‘ணா, றா, னா’ ஆகியவையும், ‘ணை, லை, ளை, னை’ ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். அவற்றோடு ஒகர, ஓகாரம் ஏறிய சில எழுத்துகளும் சேர்ந்து மொத்தம் 13. இந்த வடிவங்களைப் பயிலாத எழுத்துணரி ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக உளறும். அப்புறம் தமிழ் எண்கள். அத்தியாயத் தலைப்பில் ௧, ௨, ௫, ௭ என்று இருந்தால் அவை க, உ, ரு, எ என்று எழுத்தாக மாறி உட்கார்ந்துவிடும். ‘அத்தியாயம் ஐந்து’ என்று கேட்க வேண்டியவர் ‘அத்தியாயம் ரு’ என்று கேட்பார்.

எண்களைப் பற்றிப் பொதுவாகவே ஒரு வார்த்தை. சொல்லில் பிழை இருந்தால் முன்பின் பார்த்து ஊகித்துவிடலாம். 1857 என்பது 1867 ஆகிவிட்டால் எந்த வாசகராலும் ஊகிக்க முடியாது. எனவே ஆண்டு, தொகை, அளவு, தேதி எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பிரெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே எண்களுக்குத் தனி வடிவம் கிடையாது. ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளுக்கான வடிவங்களே, முன்னால் எண்குறி ஒன்றைப் போட்டால் 1 முதல் 0 வரையான எண்களாகும். எழுத்துணரி 1 என்ற எண்ணை ஆங்கில எழுத்து என்று நினைத்துவிட்டால் எண்குறி வராது, விரலுக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்து.

எழுத்து சரியானாலும் பக்கம் சரியாகாது

புதிதாக வருகிறவர்கள் எழுத்துப் பிழையிலேயே மூழ்கிவிடுவார்கள். காதால் படிப்பவரை அதைவிட அதிகம் தொல்லை செய்வது பக்கத்தின் அமைப்பு.

அச்சுப் பக்கத்தின் உச்சியில் நூலின் பெயரோ அத்தியாயத்தின் பெயரோ ஒவ்வொரு பக்கத்திலும் வரும். கண் அதைப் பார்ப்பதே இல்லை. கோப்பில் அது ஒரு வரியாக வந்து, ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடியும் வாக்கியத்தின் நடுவே விழுந்துவிடும். ‘அவள் கதவைத் திறந்து, மூன்றாம் அத்தியாயம் நிழல்கள் 47, வெளியே பார்த்தாள்’ என்று இருநூறு முறை கேட்டுப் பாருங்கள். எனவே பக்கத் தலைப்பை எடுத்துவிட வேண்டும். பக்க எண்ணை மட்டும், இப்படிக் கோப்பு தயாரிக்கும் பல திட்டங்களில் விட்டுவைக்கச் சொல்வார்கள், அதற்கென்று உள்ள குறியீட்டில், வாக்கியத்தை வெட்டாமல். வகுப்பில் ஆசிரியர் 47-ஆம் பக்கத்தைப் பாருங்கள் என்றால் பார்வையற்ற மாணவரும் அங்கே போக வேண்டுமல்லவா? ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டவும் பக்க எண் வேண்டும்.

வரி முடிவில் உடைந்த சொற்கள் தமிழில் தனித் தலைவலி. ஆங்கில அச்சில் சொல் உடைந்தால் சிறுகோடு இருக்கும், மென்பொருளே கண்டுபிடித்து ஒட்டிவிடும். தமிழ் நூல்களில் பெரும்பாலும் கோடு இல்லாமலே சொல்லை உடைத்துப் போடுவார்கள். ‘பாதுகாப்’ என்று வரி முடியும், அடுத்த வரி ‘பாக’ என்று தொடங்கும். எழுத்துணரிக்கு அது இரண்டு சொல். குரல் நடுவில் நிறுத்திப் படிக்கும். தேடினாலும் அகப்படாது. இதை முழுக்கத் தானாகச் சரிசெய்யும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு வரியின் முனையையும் கண்ணால் பார்ப்பதுதான். சலிப்பான வேலை, ஆனால் தமிழ்க் கோப்பு ஒன்று கேட்க இதமாக இருக்கிறதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான் என்று சொல்வேன்.

தலைப்புகளுக்கு வருவோம். அச்சில் பெரிய எழுத்தில், கனமாக இருந்தால் தலைப்பு என்று கண் புரிந்துகொள்கிறது. கோப்பிலும் அதே மாதிரி பெரிதாக்கி, கனமாக்கி வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. திரைவாசிப்பானுக்கு அது சாதாரண வரிதான். ‘இது முதல் நிலைத் தலைப்பு, இது இரண்டாம் நிலை’ என்று மென்பொருளில் உள்ள தலைப்புப் பாணியால் (ஸ்டைல்) குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த கோப்பில் என்விடிஏ, ஜாஸ் பயன்படுத்துகிறவர் விசைப்பலகையில் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். குறிக்காத கோப்பில் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போக எட்டு அத்தியாயங்களை ஓட்டியாக வேண்டும். டெய்சி, இபப் ஆகிய மின்னூல் வடிவங்களில் உள்ளடக்கப் பட்டியல் உருவாவதும் இந்தக் குறியீட்டிலிருந்துதான்.

செய்தித்தாள் போல இடம், வலம் என்று இரண்டு நெடும்பத்தியாக அச்சான பக்கங்களில், எழுத்துணரி சில நேரம் இடப்பக்கத்து முதல் வரியையும் வலப்பக்கத்து முதல் வரியையும் ஒன்றாகப் படித்துவிடும். பார்த்ததும் தெரியும், சரிசெய்வதும் எளிது. செய்யுளில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தியாகிவிடும், பிரித்துவிட வேண்டும். அடிக்குறிப்பு பக்கத்தின் அடியிலேயே கிடந்தால் அதுவும் வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். அது சேர்ந்த பத்தியின் முடிவிலோ அத்தியாயத்தின் இறுதியிலோ, அந்தத் திட்டத்தின் விதிப்படி, இணைப்போடு வைப்பார்கள். அட்டவணையை இடைவெளி விட்டு வரிசைப்படுத்திக் காட்டக் கூடாது, உண்மையான அட்டவணையாகவே அமைக்க வேண்டும். அப்போதுதான் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று வாசகர் கட்டம் கட்டமாக நகர்ந்து அறிய முடியும்.

நிறுத்தக்குறிகளை நிறையப் பேர் அலட்சியப்படுத்துகிறார்கள். கணினிக் குரலுக்கு மூச்சு விடும் இடம் அவைதான். முற்றுப்புள்ளி ஒன்று விடுபட்டால் இரண்டு வாக்கியங்கள் மூச்சு முட்ட ஒன்றாக ஓடும். தூசியே முற்றுப்புள்ளியானால் வாக்கியம் நடுவில் நின்றுபோகும். மேற்கோள் குறி மூடாமல் போனால் யார் பேசுவது என்பதே கேட்பவருக்குக் குழம்பும். பல வாசகர்கள் குறிகளின் பெயரைக் குரல் சொல்லாதபடி வைத்திருப்பார்கள். அதனால் நிறுத்தம் மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும் சைகை.

படங்கள் பெரிய தலைப்பு, தனிக் கட்டுரையே எழுதலாம். இங்கே சுருக்கமாக: அலங்காரக் கோடு, பூவேலை என்றால் விட்டுவிடலாம். செய்தி சொல்லும் படம் என்றால் அது என்ன காட்டுகிறது என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் எழுத வேண்டும். ‘மழை அளவு வரைபடம்’ என்று எழுதினால் பயனில்லை. எந்த மாதத்தில் உச்சம், எதில் குறைவு என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர் அதைத்தான் பார்க்கிறார். அதேபோல், படத்தில் ஒரு பெண் சன்னலருகே நிற்கிறாள் என்றால் அவ்வளவுதான். அவள் யாருக்காகவோ ஏங்கி நிற்கிறாள் என்பது நம் கற்பனை.

ஆசிரியர் எழுதியது அப்படியே போக வேண்டும்

இந்த வேலையின் ஒரே பெரிய விதி இதுதான். அச்சில் உள்ளது, அதற்குக் கூடாமலும் குறையாமலும், வாசகருக்குப் போய்ச்சேர வேண்டும். 2000-இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் என்ற தன்னார்வலர் குழு புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்னூல் நூலகத்துக்காகப் பக்கம் பக்கமாக மெய்ப்பு பார்க்கிறது. ஆசிரியர் எழுதியதை மாற்றாதீர்கள் என்பதே அவர்களுக்கும் முதல் விதி.

கேட்க எளிது, கடைப்பிடிக்கக் கை கேட்காது. பழைய நூலில் இன்று வழக்கொழிந்த எழுத்துமுறை இருக்கும். சந்தி விட்டிருப்பார்கள். வட்டாரச் சொல் விசித்திரமாகத் தெரியும். நன்றாகத் தமிழ் படித்தவர்களுக்குத்தான் இங்கே சோதனை அதிகம், ஒற்று போட விரல் துடிக்கும். போடக் கூடாது. கண்ணால் படிப்பவருக்கு அந்த நூல் எப்படிக் கிடைக்கிறதோ அப்படியே மற்றவருக்கும் கிடைக்க வேண்டும், நாம் மெருகேற்றிய பதிப்பு அல்ல. வசைச்சொல்லையோ ஆபாசமான பகுதியையோ நீக்குவது அதைவிடத் தப்பு. பார்வையற்ற வாசகர் குழந்தை அல்ல.

அச்சிலேயே வெளிப்படையான பிழை இருந்தால்? ‘வந்தான்’ என்பதில் எழுத்து தலைகீழாகக் கோத்திருந்தால் திருத்தலாம் என்று சில திட்டங்கள் சொல்லும், விட்டுவிட்டுக் குறிப்பு எழுது என்று சில சொல்லும். எதுவானாலும் நாமாக முடிவு செய்யாமல் அந்தத் திட்டத்தின் கையேட்டைப் பார்ப்பது நல்லது. படிக்கவே முடியாத இடம் வந்தால் ஊகித்து நிரப்பக் கூடாது. ‘இங்கே ஒரு சொல் தெளிவாக இல்லை’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, முடிந்தால் வேறொரு பிரதியைத் தேடிப் பார்க்கலாம்.

இதே காரணத்தால்தான் புதிய தலைமுறை எழுத்துணரிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். பழைய மென்பொருள் தெரியாத இடத்தில் உளறும், உளறல் கண்ணில் படும். மொழி மாதிரிகளைக் கொண்டு, அதாவது அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து இயங்கும் புதியவை மங்கலான இடத்தில் பொருந்துகிற ஒரு சொல்லைத் தாங்களே போட்டுவிடும் வாய்ப்புண்டு. வாக்கியம் சரளமாக ஓடும், இலக்கணமும் சரியாக இருக்கும், ஆனால் பக்கத்தில் அந்தச் சொல் இருக்காது. சில வேளை ஒரு வரியே தாவிப்போயிருக்கும். கோப்பை மட்டும் படித்தால் இதைப் பிடிக்கவே முடியாது. பக்கத்துப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் உண்டு.

எப்படி உட்கார்ந்து பார்ப்பது

முதலில் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஸ்கேன் செய்பவர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருப்பார், நடுவில் இரண்டு பக்கம் போயிருக்கும். பாதி மெய்ப்பு முடித்த பிறகு இது தெரிந்தால் அலுத்துப்போகும். அடுத்து, தேடி மாற்றக்கூடியவற்றை எல்லாம் முதலிலேயே மாற்றிவிடுங்கள்: துணைக்கால் பிழைகள், பக்கத் தலைப்புகள், இரட்டை இடைவெளிகள், ஒரே நூலில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஒரே விதமாகத் தப்பாக வந்திருப்பது. அதன் பிறகுதான் நிதானமான வாசிப்பு.

வாசிக்கும்போது இடப்பக்கம் படமும் வலப்பக்கம் எழுத்தும் இருக்கட்டும். கூடவே கணினிக் குரலையும் ஓடவிடுங்கள். கண் படத்தைப் பார்க்க, காது கோப்பைக் கேட்க வேண்டும். இது வெறும் வசதிக்காக அல்ல. கண்ணும் காதும் வேறு வேறு பிழைகளைப் பிடிக்கின்றன. விடுபட்ட சொல், இருமுறை வந்த சொல், புள்ளி போன மெய், தவறான நிறுத்தம் ஆகியவற்றைக் கண் தாண்டிப் போய்விடும், காது தாண்டாது. மாறாக ‘நகரம்’ என்பதில் தந்நகரத்துக்குப் பதில் றன்னகரம் வந்துவிட்டால் ஒலி ஒன்றேதான், காதுக்குத் தெரிய வழியில்லை. பிரெயிலில் படிப்பவரின் விரலுக்கு உடனே தெரியும். குரலால் மட்டும் மெய்ப்பு பார்த்த கோப்புகளில் ந, ன குழப்பமும் ர, ற குழப்பமும் மிஞ்சுவது இதனால்தான்.

பார்வையற்றவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். நாளெல்லாம் கணினிக் குரலைக் கேட்டுப் பழகியவருக்கு ஒரு பிசிறு விழுந்தாலும் தெரியும். பிரெயில் திரை இருந்தால் எழுத்தும் தெரியும். அவர்களால் முடியாதது ஒன்றே, அச்சுப் படத்தைப் பார்த்து இங்கே உண்மையில் என்ன இருந்தது என்று முடிவு செய்வது. அவர்கள் சந்தேக இடங்களைக் குறித்துத் தர, பார்வையுள்ள ஒருவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்பது என்று இருவர் சேர்ந்து செய்தால் நான் பார்த்தவரை கோப்பு மிகச் சுத்தமாக வருகிறது. வாசகர்களையே வேலையில் சேர்த்துக்கொள்வதால், எது உண்மையில் தொந்தரவு, எது நாமாக நினைத்துக்கொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே மூச்சில் நிறையப் பக்கம் பார்த்தால் மனசு திருத்திப் படிக்கத் தொடங்கிவிடும். அந்த அறிகுறி தெரிந்ததும் நிறுத்திவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் தயங்குகிறார்கள். பதிப்புரிமை உள்ள நூலை இப்படி மாற்றலாமா? 2013-இல் மராகேஷ் நகரில் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் ஒப்பந்தம், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க பிரதி தயாரிக்கவும், அதை நாடு விட்டு நாடு அனுப்பவும், உரிமையாளரிடம் தனியே அனுமதி பெறாமலே வழிசெய்ய வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. அதை முதலில் ஏற்றது இந்தியா. ஆனால் இந்தச் சலுகை அந்த வாசகர்களுக்கானது. மெய்ப்பு பார்க்க உங்களிடம் வந்த கோப்பை நண்பருக்கு அனுப்புவதோ குழுவில் போடுவதோ சலுகைக்குள் வராது. வேலை முடிந்ததும் திட்டத்தின் விதிப்படி உங்கள் பிரதியை அழித்துவிட வேண்டியிருக்கும்.

கைப்பழக்கத்துக்கு, பதிப்புரிமை இல்லாத நூல்களில் தொடங்குவது சுலபம். யாரும் பங்களிக்கக்கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைய உள்ளன. பக்கப் படமும் எழுத்துணரி தந்த பிரதியும் அருகருகே இருக்கும். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே வரும். முதல் நூலாகச் சிறுகதைத் தொகுப்பையோ கட்டுரை நூலையோ எடுங்கள். அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆய்வு நூல், உரையோடு கூடிய செய்யுள் நூல் இரண்டும் பழகிய பிறகு.

கோப்பை ஒப்படைக்கும் முன் கடைசியாக நூலின் விவரக் குறிப்பைப் பாருங்கள்: தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு. இவை பெரும்பாலும் அலங்கார எழுத்தில் அச்சான முகப்புப் பக்கத்திலிருந்து வருவதால் எழுத்துணரி இங்கேதான் அதிகம் தடுக்கி விழும். ஆசிரியர் பெயரில் ஒரு புள்ளி போயிருந்தாலும் தேடலில் நூல் வராது, உள்ளே எத்தனை சுத்தமாக இருந்தாலும் யாரும் அதைத் திறக்கப்போவதில்லை.